இருட்டிலோ முகிலுக்குள்ளோ மலை இருப்பது விமானிக்கு எப்படித் தெரியும்?

பலாலி விமான நிலையத்தில் இறங்குபவர்களுக்கு மலைப் பயமில்லை, யாழ்ப்பாணம் முழுக்கத் தட்டை நிலம்தானே. ஆனால் 1974 டிசம்பரில் கொழும்புக்கு வந்த டிசி-8 விமானம் ஒன்று, விமான நிலையத்திலிருந்து தான் இருக்கும் இடத்தைத் தவறாகக் கணித்துக் கீழிறங்கி, சப்தகன்னி மலையில் மோதி 191 பேரும் இறந்தார்கள்.

பழைய எச்சரிக்கைக் கருவி, விமானத்தின் வயிற்றிலிருந்து ரேடியோ அலையை நேர் கீழே அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்து உயரத்தை அளக்கும். நிலம் வேகமாகக் கிட்ட வந்தால் 'டெரெய்ன், டெரெய்ன்' (நிலம், நிலம்) என்று கத்தும், அப்புறம் 'புல் அப்' என்று அதட்டும், அதாவது மேலே இழு. சிக்கல் என்னவென்றால் அதற்குக் கீழே மட்டும்தான் கண், முன்னால் செங்குத்தாக நிற்கும் பாறை தெரியாது. 1990களில் வந்த புதியது ஜிபிஎஸ் காட்டும் இடத்தைத் தன்னிடமுள்ள நிலவரைபடத்தோடு ஒப்பிட்டு முன்கூட்டியே சொல்லிவிடும், திரையிலும் ஆபத்தான மேடு சிவப்பாகத் தெரியும்.

'புல் அப்' கேட்டால் விவாதமே இல்லை. மூக்கைத் தூக்கி, முழு விசை.