ரீமேப் செய்த லாராவுக்கு எந்த கிளட்ச் பொருந்தும்?

கேள்வி: என்னிடம் ஸ்கோடா லாரா வி.ஆர்.எஸ். 1.8 டி.எஸ்.ஐ., ஆறு கியர் மேனுவல் கார் இருக்கிறது. கோவை அவிநாசி ரோட்டில் தினமும் ஆபீஸ் போய் வருகிறேன். மாதம் ஒருமுறை வால்பாறை, வருடத்தில் ஓரிரு தடவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் டிராக் டே. சமீபத்தில் ஸ்டேஜ் 1 ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது) செய்தேன். அதிலிருந்து ஐந்தாவது கியரில் 2,500 ஆர்.பி.எம். அருகே முழுதாக மிதித்தால் முள் மட்டும் எகிறுகிறது, வண்டி இழுப்பதில்லை. ஒரு கடையில் செராமிக் பக் கிளட்சும் (பிளேட்டில் சிறு செராமிக் துண்டுகள் பதித்தது) சிங்கிள் மாஸ் ஃப்ளைவீலும் (ஒற்றைத் துண்டாக வரும் சுழல் சக்கரம்) சேர்த்துப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: உங்கள் ஓட்டத்துக்கு அந்த செட் வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறி கிளட்ச் ஸ்லிப்தான், அதாவது கிளட்ச் பிடிக்காமல் வழுக்குகிறது, அதில் சந்தேகம் பெரிதாக இல்லை. ஆனால் ஸ்லிப்புக்குக் காரணம் ரீமேப் மட்டும்தானா என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

கிளட்ச் தாங்க வேண்டியது டார்க்கைத்தான் (சுழற்றும் விசை), குதிரைத்திறனை அல்ல. உங்கள் இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது 160 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். அந்த 250-உம் 1,500 ஆர்.பி.எம். சுற்றிலேயே வந்துவிடும். ஸ்டேஜ் 1 போட்டால் அது 300-ஐ எளிதாகத் தாண்டும், அதுவும் டர்போ முழு மூச்சில் ஊதும் 2,000 முதல் 3,000 ஆர்.பி.எம். வரை. இரண்டாவது கியரில் இந்தக் கட்டத்தை வண்டி கண் சிமிட்டும் நேரத்தில் கடந்துவிடும். ஐந்தாவதில் அங்கேயே சில விநாடிகள் நின்று இழுக்க வேண்டும். அதனால்தான் மேல் கியரில் முதலில் வழுக்குகிறது. உறுதிப்படுத்திக்கொள்ள ஓ.பி.டி. டாங்கிள் (காரின் டயக்னாஸ்டிக் சாக்கெட்டில் செருகி அளவுகளைப் பதிவு செய்யும் சின்னக் கருவி) போதும். ஒரே கியரில் ஆர்.பி.எம்.முக்கும் வேகத்துக்கும் உள்ள விகிதம் மாறாது. பதிவு செய்த கோட்டில் ஆர்.பி.எம். மட்டும் தனியாக மேலே போனால், வழுக்கல்தான்.

இப்போது உங்கள் கடைக்காரர் சொல்லாத ஒரு விஷயம். இந்த இன்ஜின் குடும்பத்தில் பி.சி.வி. வால்வின் (இன்ஜினின் அடிப்பகுதியில், அதாவது கிராங்க்கேஸில் சேரும் வாயுவை வெளியேற்றும் வால்வு) டயஃப்ரம் கிழிவது வழக்கமான தொல்லை. கிழிந்தால் கிராங்க்கேஸுக்குள் வெற்றிடம் அதிகமாகி, ஃப்ளைவீல் பக்கம் இருக்கும் ரியர் மெயின் ஆயில் சீல் கெட்டுவிடும். அங்கிருந்து கசியும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் பட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிளேட்டும் வழுக்கும். ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாலோ, விசில் சத்தம் கேட்டாலோ முதலில் பி.சி.வி.யை மாற்றுங்கள். கியர்பாக்ஸ் இறங்கும்போது சீலையும் மாற்றச் சொல்லுங்கள்.

சரி, கிளட்சுக்கு வருவோம். ஒரு கிளட்ச் எவ்வளவு டார்க் தாங்கும் என்பது நான்கு விஷயங்களின் பெருக்கல்: கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு சேர்த்து பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, பிளேட்டின் உராய்வுத் திறன், சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. ஆரத்தைக் கூட்ட பெல் ஹவுசிங்கில் (கிளட்சை மூடியிருக்கும் கூடு) இடம் கிடையாது. முகங்களைக் கூட்டினால் ட்வின் டிஸ்க் (இரண்டு பிளேட் கிளட்ச்), அது உங்கள் டார்க்குக்கு அனாவசியச் செலவு. மிச்சம் இரண்டு வழிதான்: விசையைக் கூட்டுவது, அல்லது உராய்வைக் கூட்டுவது. பிளேட்டின் பரப்பளவு இந்தக் கணக்கில் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். பரப்பு குறைந்தால் தேய்மானமும் சூடும் கூடும், பிடிமானம் அவ்வளவாக மாறாது. அதனால்தான் பக் பிளேட்டில் சின்னச் சின்னத் துண்டுகளே வேலையை முடித்துவிடுகின்றன.

கடைக்காரர் சொல்வது உராய்வைக் கூட்டும் வழி. செராமிக் நன்றாகப் பிடிக்கும், சூட்டையும் தாங்கும், ஆனால் அதற்கு ஹாஃப் கிளட்ச் பழக்கமே கிடையாது. விட்டால் பிடிக்கும், பிடித்தால் உதறும். ஹோப் காலேஜ் சிக்னலில் முன்னால் பஸ், பின்னால் ஆட்டோ என்று ஊர்ந்து போகும்போது இந்தக் கிளட்ச் உங்களை ஒரு மாதத்தில் வெறுக்க வைத்துவிடும். முழுநேர டிராக் காராக இருந்தால் நானே இதைத்தான் சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு நான் சொல்வது, விசையை மிதமாகக் கூட்டிய பிரஷர் பிளேட், கம்பெனி பிளேட்டைப் போன்ற ஆர்கானிக் டிஸ்க். சாக்ஸ் பர்ஃபார்மன்ஸ் வரிசையில் இப்படி வருவதுண்டு. வேறு கம்பெனி செட் என்றாலும் பரவாயில்லை. ஆனால் 'ஸ்டேஜ் 2', 'ஸ்டேஜ் 3' என்ற பெயர்களை நம்பி வாங்காதீர்கள். ஒருவரின் 2 இன்னொருவரின் 3. எத்தனை நியூட்டன் மீட்டர் தாங்கும், அந்த எண் கிளட்சில் கணக்கிட்டதா, சக்கரத்தில் அளந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். பவுண்டு-அடியில் சொன்னால் 1.356-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் மேப்பின் உச்ச டார்க்குக்கு மேல் 20 சதவீதம் இருந்தால் தாராளம். அதற்கு மேல் வாங்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் இடது கால் விலை கொடுக்கும். பெடல் இறுகினால், கிராங்க் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்குக்கும் சுமைதான். சிக்னலில் கிளட்சை மிதித்தபடி நிற்காமல் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள்.

அப்புறம் ஃப்ளைவீல். இப்போது இருப்பது டூயல் மாஸ், அதாவது இன்ஜின் அதிர்வை விழுங்கும் ஸ்பிரிங்குகள் ஃப்ளைவீலுக்குள்ளேயே இருக்கின்றன. அதனால் இதனுடன் வரும் டிஸ்க்கின் நடுவில் பெரும்பாலும் ஸ்பிரிங் இருக்காது. சிங்கிள் மாஸ் போட்டுவிட்டுப் பழைய வகை டிஸ்க்கையே வைத்தால் அதிர்வு முழுக்க கியர்பாக்ஸுக்குள் போகும். ஸ்பிரிங் வைத்த டிஸ்க் போட்டாலும் நியூட்ரலில் 'கடகட' சத்தம் வரத்தான் செய்யும். எடை குறைந்த ஃப்ளைவீல் என்றால் வால்பாறை ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி எடுப்பதும் சிரமம். ஆகவே டூயல் மாஸையே வைத்துக்கொள்ளுங்கள். கழற்றும்போது கையால் திருப்பியும் ஆட்டியும் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் அளவுக்கு மீறினால் புதிது. லேத்தில் கடைந்து தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள்.

ஸ்லேவ் சிலிண்டரும் (பெடலை மிதித்ததும் கிளட்சைத் தள்ளுவது) ரிலீஸ் பேரிங்கும் ஒன்றாக, பெல் ஹவுசிங்குக்குள்ளேயே இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். அப்படி இருந்தால், அது பின்னால் கசியும்போது மறுபடி கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கூலி இன்னொரு முறை. எனவே அதையும் ஃப்ளைவீல் போல்ட்டுகளையும் இப்போதே புதிதாகப் போடுங்கள். அந்த போல்ட்டுகள் ஒரே தடவைக்குத்தான்.

மாட்டியபின் முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள் சாதாரணமாக ஓட்டுங்கள். முழு ஆக்ஸிலரேட்டர் வேண்டாம், ஹைவே கிலோமீட்டரை இந்தக் கணக்கில் சேர்க்கவும் வேண்டாம், ஏனென்றால் அங்கே கிளட்ச் வேலையே செய்வதில்லை. கரி ஸ்பீட்வேயை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

செலவு இப்போது முடியாதென்றால் டியூனரிடம் போய் 3,000 ஆர்.பி.எம்.முக்குக் கீழே டார்க்கைக் குறைத்து மேப்பை மாற்றித் தரச் சொல்லுங்கள். மேல்பக்க வேகம் பெரிதாகக் குறையாது. பார்ட்ஸ் வரும்வரை கம்பெனி மேப்புக்கே திரும்புவது இன்னும் நல்லது. இப்படியே வழுக்க விட்டு ஓட்டினால் சூட்டில் ஃப்ளைவீல் முகம் நீலம் பாய்ந்துவிடும், அப்போது அதையும் மாற்றும் செலவு சேரும்.