வெளிநாட்டு விருந்தினர்களுக்கு மதுரையில் எதைக் காட்டுவது?

தம்பி, உங்கள் கல்லூரி அருங்காட்சியக நண்பர் குழுவைப் பார்க்க வெளிநாட்டு இளைஞர்கள் இரண்டு நாள் வருகிறார்கள், அதற்குப் பிறகும் தொடர்பு நீடிக்க என்ன வழி என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் போட்டிருக்கும் இடப் பட்டியலில் பாதியை முதலில் வெட்டுங்கள். வேனிலேயே பொழுது போய்விடும்.

முதல் நாள் காலை கீழடிதான். 2023-இல் திறந்த, செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டிய அருங்காட்சியகம். பானை ஓட்டில் கீறிய தமிழி எழுத்துகள் (தமிழின் பழைய எழுத்து வடிவம்) முன்னால் நிதானமாக நில்லுங்கள். நீங்கள் எழுத்து வரிசையை முன்கூட்டியே பழகிக்கொண்டால், வந்தவர்களை அவரவர் பெயரை அதில் எழுத வைக்கலாம். அப்புறம் பகடை, வட்டச்சில்லுகள். "உங்கள் ஊரில் என்ன விளையாடுவீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு தானாக ஓடும்.

சாயங்காலம் காந்தி அருங்காட்சியகம். அவர் மேலாடையைத் துறந்தது 1921-இல் இந்த ஊரில்தான் என்பதை வழியிலேயே சொல்லிவிடுங்கள். சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த, இரத்தக்கறை படிந்த துணி முன்னால் யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

மீனாட்சி கோயிலில் செல்போனுக்கு அனுமதி இல்லை, இந்து அல்லாதவர்கள் கருவறைப் பக்கம் போக முடியாது. இதை வாசலில் வைத்துச் சொன்னால் மனம் சுணங்கும். முதல் நாளே சொல்லுங்கள். வீடுகளில் தங்க வைத்தால், வந்து 24 மணி நேரத்துக்குள் அவர்கள் தங்கும் விவரத்தை ஆன்லைனில் அரசிடம் பதிய வேண்டும் (முன்பு இதை 'சி' படிவம் என்பார்கள்). பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

தொடர்புக்கு வாட்ஸ்அப் குழு மட்டும் போதாது, பத்து நாளில் தூங்கிவிடும். மாதம் ஒரு வீடியோ அழைப்பு, இரு தரப்பும் ஆளுக்கொரு பொருளைப் பற்றிப் பேசட்டும். மே 18 உலக அருங்காட்சியக நாள். முதல் அழைப்பை அன்றைக்கே வைக்கலாம்.