டிஸ்க் நிரம்பிய டேட்டாபேஸ்: கேள்வி பதில்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் 40 ஜிபி டேபிள் ஒன்று. பாதிக்கு மேல் டெலீட் செய்தும் டிஸ்கில் இடம் வரவில்லையே, ஏன்?

பதில்: டெலீட் ரெக்கார்டை அழிப்பதில்லை, செத்தது என்று குறித்து வைக்கிறது, அவ்வளவுதான். பிறகு வேக்கும் என்ற துப்புரவுக் கட்டளை ஓடினால் அந்த இடம் அதே டேபிளில் புதிதாக வரும் ரெக்கார்டுகளுக்குப் பயன்படும். கோப்பின் கடைசியில் முழுக்கக் காலியான பக்கங்கள் இருந்தால் அவற்றை மட்டும் வெட்டி ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குக் கொடுக்கும். டிஸ்க் விளிம்பில் நிற்கும்போது பெரிய டெலீட் போட்டால் வால் (WAL, மாற்றங்களை முன்கூட்டியே எழுதி வைக்கும் பதிவு) கோப்புகள்தான் பெருகும். பெயருக்கேற்றபடி அது நீளும்.

கேள்வி: அப்படியென்றால் டேபிளையே சுருக்கும் வேக்கும் ஃபுல் போட்டுவிடவா? 3 ஜிபி காலி இருக்கிறது.

பதில்: வேண்டாம். அது டேபிளைப் புதிதாக எழுதிய பிறகே பழையதை விடும். உயிருள்ள டேட்டா 12 ஜிபி என்றால் அந்த 12, கூடவே இண்டெக்ஸ்களுக்கான (தேடலை வேகமாக்கும் பட்டியல்கள்) இடம், இரண்டும் காலியாக இருக்க வேண்டும். 3 ஜிபியில் பாதியில் நின்றுவிடும். ஓடும்வரை அந்த டேபிளில் டேட்டாவைப் படிக்கும் செலக்ட்கூட நடக்காது. இதே வேலையைச் செய்யும் பிஜி_ரீபேக் என்ற கருவி இப்படி நெடுநேரம் பூட்டாது, ஆனால் இடம் அதற்கும் வேண்டும்.

முதலில் பயன்படாத இண்டெக்ஸைத் தேடுங்கள். பிஜி_ஸ்டாட்_யூசர்_இண்டெக்ஸஸ் என்ற புள்ளிவிவரப் பட்டியலில் ஐடிஎக்ஸ்_ஸ்கேன் (பயன்பட்ட தடவைகள்) 0 என்று இருப்பவை. ரெப்ளிகாவிலும் (நகல் சர்வர்) பார்த்துவிட்டு ட்ராப் செய்யுங்கள், அதாவது நீக்கிவிடுங்கள். யுனீக், பிரைமரி கீ பக்கம் போகாதீர்கள். ட்ராப்பும், டேபிளை மொத்தமாகக் காலிசெய்யும் டிரங்கேட்டும் இடத்தை உடனே தரும்.

கேள்வி: டேபிள்கள் மொத்தம் 20 ஜிபி, வால் கோப்புகள் இருக்கும் பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் 90 ஜிபி! பழைய கோப்புகளை ஆர்எம் கட்டளையால் அழிக்கலாமா?

பதில்: கைவைக்காதீர்கள். கிராஷ் ஆனால் மீள்வதற்கு வேண்டிய கோப்பு போய்விட்டால் சர்வர் எழுந்திருக்காது. 16 எம்பி துண்டுகளாக இருக்கும் அவற்றை யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள். அது யார் என்று பாருங்கள்.

பெரும்பாலும் அநாதை ஸ்லாட்தான் (ரெப்ளிகா படித்து முடிக்கும்வரை வால் கோப்புகளைப் பிடித்து வைக்கும் குறிப்பு). ரெப்ளிகாவை நீக்கியிருப்பார்கள், ஸ்லாட்டை மறந்திருப்பார்கள். பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸில் ஆக்டிவ் ஃபால்ஸ் என்று இருக்கும். இனி யாருக்கும் வேண்டாம் என்று உறுதியானதும் பிஜி_ட்ராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்டால் நீக்கி, ஒரு செக்பாயிண்ட் (தேவையற்ற வால் கோப்புகளை விடுவிக்கும் கட்டளை) கொடுங்கள். ஸ்லாட் சுத்தமாக இருந்தால், வால் கோப்புகளை வேறிடத்தில் சேமிக்கும் ஆர்கைவ் தோற்கிறதா, அதாவது பிஜி_ஸ்டாட்_ஆர்கைவரில் ஃபெயில்ட்_கவுண்ட் ஏறுகிறதா பாருங்கள். ஆர்கைவ் போய்ச் சேரும் டிஸ்கும் நிரம்பியிருக்கலாம்.

ஸ்லாட் எவ்வளவு வால் பிடித்து வைக்கலாம் என்பதற்கு பதிப்பு 13 முதல் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு உண்டு. இயல்பு மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. ஒரு எண் கொடுத்து வையுங்கள். வரம்பு மீறினால் அந்த ரெப்ளிகாவைத் திரும்பக் கட்ட வேண்டிவரும்; பிரைமரி (மூல சர்வர்) படுப்பதைவிட அது மேல்.

கேள்வி: மைஎஸ்கியூஎல் 8.0. பின்லாக் (மாற்றங்களைப் பதியும் பைனரி லாக்) கோப்புகள் குவிகின்றன.

பதில்: இயல்பாக 30 நாள் வைத்திருக்கும், 25,92,000 விநாடி. ரெப்ளிகா எந்தக் கோப்பு வரை படித்திருக்கிறது என்று பார்த்து, அதற்கு முந்தையதை பர்ஜ் பைனரி லாக்ஸ் கட்டளையால் நீக்குங்கள். கோப்பை நேராக அழித்தால் பின்லாக் இண்டெக்ஸ் கோப்பில் உள்ள பட்டியலோடு பொருந்தாமல் போகும்.

கேள்வி: டிஸ்க் நிரம்பிய அளவைக் காட்டும் டிஎஃப் 100% என்கிறது, கோப்புகளின் அளவைக் கூட்டும் டியூ கணக்கில் 60% கூட வரவில்லை.

பதில்: அழித்த கோப்பை ஏதோ ஒரு பிராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கிறது. எல்எஸ்ஓஎஃப் +எல்1 கட்டளை போடுங்கள், எது என்று தெரியும். அந்தப் பிராசஸை மறுதொடக்கம் செய்தால் இடம் வந்துவிடும்.