குடியாத்தம் பீரோவில் ஒரு குடகுக் கத்தி

கேள்வி: என் மாமனாரின் அப்பா மடிக்கேரிப் பக்கம் காப்பித் தோட்டத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். அவர் கொண்டுவந்த கத்தி ஒன்று பீரோவில் இருக்கிறது. கறுத்த மர உறை, வெள்ளிப் பூண், வெள்ளிச் சங்கிலி. சங்கிலியில் ஊசி மாதிரியும் குட்டிக் கரண்டி மாதிரியும் ஏதோ தொங்குகின்றன. கொழுந்தனார் இது திப்பு சுல்தானின் கத்தி, லட்சக்கணக்கில் போகும் என்கிறார். மாமியாரோ ஆயுத பூஜைக்குள் புளி போட்டுத் தேய்க்கச் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: இருவர் பேச்சும் வேண்டாம், அம்மா.

நம் வேலூர்ப் பக்கம் அரிவாள்மணையைத் தவிர எல்லாப் பழைய இரும்புக்கும் திப்பு பெயரைச் சூட்டிவிடுவார்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவர் குடும்பத்தை நம் கோட்டையில் வைத்திருந்ததால் வந்த பழக்கம் இது. திப்புவின் ஆயுதங்களையோ வெள்ளைக்காரர்கள் அங்கேயே பங்கு போட்டுக்கொண்டார்கள்.

உங்களிடம் இருப்பது குடகர்களின் பீச்சேகத்தி. அந்தச் சங்கிலியே சாட்சி: கரண்டி காது குடைய, ஊசி நக அழுக்கு எடுக்க! கல்யாணத்தில் குடகு ஆண்கள் குப்பியா என்ற நீண்ட அங்கி அணிந்து, பட்டுக் கச்சையின் முன்பக்கம் இதைச் செருகிக்கொள்வார்கள். அவர்களுக்கும் ஆயுத பூஜை உண்டு. செப்டம்பர் தொடக்கத்தில் வரும் கைல்போல்து பண்டிகையில் துப்பாக்கிக்குச் செங்காந்தள் பூச் சூட்டுவார்கள்.

புளி அலகை அரிக்கும். பூணின் பள்ளங்களில் கருமை தங்கியிருப்பதால்தான் பூவேலை எடுத்துத் தெரிகிறது. தேய்த்தால் வெறும் தகடு. வெந்நீரும் ஆகாது. பழைய கத்திகள் பலவற்றில் அலகைப் பிடிக்குள் அரக்கு வைத்து இறுக்கியிருப்பார்கள்; சூடு பட்டால் பிடி தனியே கழன்று வரும். தேங்காய் எண்ணெய் பிசுக்காகும். தையல் மெஷின் எண்ணெயைப் பழைய வேட்டித் துணியில் தொட்டு அலகில் மட்டும் தடவுங்கள். குங்குமம் உறைக்கும் அலகுக்கும் வேண்டாம், தட்டில் வைத்தால் போதும். ஒரு எச்சரிக்கை: உருவும்போது உறையை விரல்களால் சுற்றிப் பிடிக்காதீர்கள். ஒட்டு விட்ட உறையென்றால் அலகு பக்கவாட்டில் வெளிவந்து கையை அறுத்துவிடும்.

விற்பதானால், 100 ஆண்டு கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாங்க வரும் வியாபாரியிடம் உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள். பிடி தந்தமாக இருந்தால் விற்பனைப் பேச்சே வேண்டாம். வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும்.

கேள்வி: பழைய கட்டாரிகளை எங்கே பார்க்கலாம்?
- ஒரு வாசகர், ஆரணி

பதில்: சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில். தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை அங்கே இருக்கின்றன. பிடியைப் பாருங்கள்: இரு கம்பிகளுக்கு நடுவே குறுக்குச் சட்டம், அதை முஷ்டியால் பற்றிக் குத்த வேண்டும். வெள்ளிக்கிழமை விடுமுறை; காட்பாடியில் ரயில் ஏறும்முன் கிழமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.