டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் தோல்: வீட்டார் கேள்விகளுக்குத் தோல் மருத்துவர் பதில்

என் மகளுக்கு 7 வயது. தலையில் நாணயம் அளவுக்கு இரண்டு இடத்தில் முடி கொட்டி வழவழவென்று இருக்கிறது. சின்ன வெங்காயம் தேய்க்கச் சொல்கிறார்கள். தேய்க்கலாமா டாக்டர்?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் புழுவெட்டு மாதிரி இருக்கிறது. பெயரில்தான் புழு, எந்தப் பூச்சியும் முடியைத் தின்பதில்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேரைத் தாக்குகிறது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு இது மற்றவர்களைவிட அதிகம். இன்டர்ஃபெரான் என்ற எதிர்ப்பு சக்திப் புரதத்தின் செய்தியைச் செல்கள் வாங்கிக்கொள்ள உதவும் ஆறு ஏற்பி மரபணுக்களில் நான்கு 21ஆம் குரோமோசோமில்தான் இருக்கின்றன. அந்தக் குரோமோசோம் மூன்றாக இருப்பதால் எதிர்ப்பு சக்தி எப்போதும் கொஞ்சம் முறுக்கேறியே இருக்கும். வெண்புள்ளி, தைராய்டு கோளாறு எல்லாம் இவர்களுக்கு அதிகம் வருவதற்கும் இதில் பங்கு உண்டு. அதனால் முதலில் தைராய்டுக்கு ரத்தம் பாருங்கள். வெங்காயம் வேண்டாம் அம்மா. தோல் எரிந்து புண்ணாகிவிடும், எரிகிறது என்று சொல்லவும் குழந்தைக்குத் தெரியாமல் போகலாம். சின்ன வட்டங்களில் பல நேரம் முடி தானாகவே முளைத்துவிடும். பூசும் மருந்தும் இருக்கிறது.

தம்பிக்கு 16 வயது. அக்குளிலும் தொடை இடுக்கிலும் கட்டி வந்து உடைகிறது, ஆறி மறுபடி வருகிறது. நாங்கள் சுத்தமாக வைத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவைத் திட்டுகிறார்கள்.

உங்கள் அம்மாவிடம் முதலில் சொல்லுங்கள்: இது அழுக்கால் வருவதல்ல, ஒட்டுகிற நோயும் அல்ல. முடிக்கால்கள் அடைபட்டு அழற்சி வருகிற ஹைட்ராடெனைடிஸ் சப்புரடிவா என்ற நோயாக இது இருக்கலாம். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு அது அதிகமாகவும் இளம் வயதிலேயும் வருகிறது. ஒவ்வொரு கட்டிக்கும் ஐந்து நாள் மாத்திரை கொடுத்து முடித்துக்கொண்டால் தோலுக்கு அடியில் புரை ஓடித் தழும்பாகிவிடும். மாதக்கணக்கில் மருந்து தேவைப்படலாம், அதனால் தோல் மருத்துவரிடமே காட்டுங்கள். பிதுக்காதீர்கள். தளர்வான பருத்தி உடை, எடையைக் குறைப்பது இரண்டும் உதவும்.

நாக்கில் வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது. வைட்டமின் குறைவா?

இல்லை. இவர்களில் நிறையப் பேருக்கு நாக்கு அப்படித்தான் இருக்கும், தீங்கில்லை. பல் துலக்கும்போது நாக்கையும் மெதுவாகத் தேய்த்துவிட்டால் போதும். வாயோரம் வெடித்துப் புண்ணாக இருந்தால் மட்டும் காட்டுங்கள், எச்சில் ஈரத்தில் பூஞ்சை வளர்ந்திருக்கலாம்.

எங்கள் பராமரிப்பு இல்லத்தில் 30 வயதுப் பையன் ஒருவன். விரல் இடுக்கிலும் உள்ளங்கையிலும் சாம்பல் நிறத்தில் பொருக்கு தடித்திருக்கிறது. அவனுக்குப் பெரிதாக அரிப்பில்லை. வறட்சிதானே?

உடனே காட்டுங்கள். வறண்ட தோல் இவர்களுக்கு மிகச் சாதாரணம்தான். ஆனால் வறட்சி என்று மாதக்கணக்கில் எண்ணெய் தடவிக்கொண்டே இருந்து, கடைசியில் பொருக்குச் சொறி என்று தெரிந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். சாதாரணச் சொறியில் அதை உண்டாக்கும் நுண்ணிய பூச்சி உடம்பில் பத்துப் பதினைந்துதான் இருக்கும். பொருக்குச் சொறியில் ஆயிரக்கணக்கில், சிலருக்கு லட்சக்கணக்கில்கூட இருக்கும், ஆனாலும் அரிப்பு குறைவாக இருக்கலாம். அதனாலேயே ஏமாந்துபோகிறோம். பொருக்கைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். சொறிதான் என்றால் அவனுக்கு மாத்திரையும் களிம்பும் சேர்த்தே தேவைப்படும். அறையில் உடன் இருப்பவர்கள், குளிப்பாட்டுகிற அக்கா, சமையல்காரர் எல்லோருக்கும் அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே நாளில் மருந்து பூச வேண்டும். பாய், போர்வை, துணிகளை அன்றே வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள். ஒருவர் விடுபட்டாலும் சொறி மறுபடி அவனிடமே வந்து சேரும்.