மலைநாட்டு ஈரமும் பழைய ஸ்பீக்கரும்: கேள்வி பதில்

பழைய ஹை-ஃபை ஸ்பீக்கர் பற்றி நம்முடைய ஆட்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பதில்களில் திரும்பத் திரும்ப ஈரத்தைப் பற்றிப் பேசுவேன். நம் இலங்கை மலைநாட்டில் ஸ்பீக்கரைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான்.

தலவாக்கலையிலிருந்து: தோட்டத் துரை பங்களா சாமான் அறையில் கிடந்த செலெஸ்டியன் டிட்டன் 15 என்ற இங்கிலாந்து ஸ்பீக்கர் ஒரு சோடி விலைக்கு வந்திருக்கிறது, அண்ணே. கோனில், அதாவது முன்பக்கக் காகிதக் கூம்பில், வெள்ளையாகப் பூஞ்சணம். இரண்டு பெட்டியிலுமே பெரிய ஸ்பீக்கர் இரண்டில் ஒன்று வேலை செய்யவில்லை. வாங்கலாமா?

தம்பி, வேலை செய்யவில்லை என்று நீங்கள் சொல்வது பழுது இல்லை. அதற்குப் பின்னால் காந்தமும் கிடையாது, காயில் என்ற கம்பிச்சுருளும் கிடையாது, வயரும் போகாது. வயர் போகும் மற்றப் பெரிய ஸ்பீக்கரான வூஃபர் அசையும்போது பெட்டிக்குள் அமுங்கும் காற்றால் தானாக அசைந்து தாழ்ந்த ஒலியை, அதாவது அடிச்சத்தத்தை, கூட்டித் தருவதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். இது தெரியாமல் அதைக் கழற்றி வேறு வூஃபர் பூட்டிப் பெட்டியைக் கெடுத்தவர்கள் உண்டு. விற்பவரும் பழுது என்று நம்பினால் விலை பேச உங்களுக்கு வசதி. ஆனாலும் உண்மையைச் சொல்லி வாங்குங்கள்.

பூஞ்சணத்தை ஈரத் துணியால் துடைக்க வேண்டாம், காகிதக் கோன் ஊறிவிடும். பெட்டியைக் காற்றோட்டமான அறையில் சில நாள் வையுங்கள். வெயிலிலோ அடுப்படியிலோ வைக்கக் கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு மூக்கை மூடிக்கொண்டு மெல்லிய பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அப்புறம் வூஃபர் கோனை இரண்டு பக்கமும் விரல் வைத்து, சாயாமல் நேராக உள்ளே அமுக்கிக் காதைக் கிட்டக் கொண்டுபோங்கள். சத்தமில்லாமல் போய் வந்தால் தைரியமாக வாங்கலாம். மண் உரசுவதுபோல் சரசரத்தால் காந்த இடைவெளியில் துரு பிடித்திருக்கலாம், அல்லது காயில் நகர்ந்திருக்கலாம். அந்த வேலைக்கு நல்ல கை வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் வைத்து விலை பேசுங்கள்.

பண்டாரவளை ஆசிரியர் ஒருவர்: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் ஸ்பீக்கர். வூஃபரைச் சுற்றியிருந்த ஃபோம் தொட்டாலே பிசுபிசுத்து உதிர்கிறது. ரப்பர் போடலாமா?

சேர், 1977இல் இறக்குமதி திறந்துவிடப்பட்ட பிறகு கடைகளிலும் வெளிநாடு போனவர்களின் பெட்டிகளிலும் நாட்டுக்குள் வந்த ஸ்பீக்கர்களில் பலவற்றுக்கு இதே கதிதான். அந்த ஃபோம் பொலியூரிதேன். காற்றிலுள்ள ஈரம் அதன் பிணைப்புகளை மெல்ல மெல்ல உடைத்துவிடும். பாட்டுப் போடாமல் மூடி வைத்திருந்தாலும் தப்பாது. இந்த நிலையில் போட்டுக் கேட்காதீர்கள். தாங்கிப் பிடிக்க ஆளில்லாமல் காயில் சாய்ந்து காந்தத்தில் தேய்ந்தால், ஃபோமோடு முடிய வேண்டிய செலவு காயில் வரை போய்விடும்.

ரப்பர் வேண்டாம். அது கனம். கோனின் இயல்பான அதிர்வெண் மாறிப்போனால், பெட்டியின் அளவுக்கும் வூஃபருக்கும் இருந்த பொருத்தம் போய்விடும். முன்பிருந்தது ஃபோம் என்றால் ஃபோமே போடுங்கள். அங்குலக் கணக்கை மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. கோனின் வெளி விட்டம், இரும்புச் சட்டத்தின் உள் விட்டம், ஃபோம் வளைவின் அகலம் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்.

பழைய பசையை ஐசோபுரோபைல் அல்ககோலில் நனைத்த பஞ்சால் ஊறவைத்து, மொட்டைக் கத்தியால் பொறுமையாக எடுங்கள். அவசரப்பட்டால் கோனின் ஓரம் கிழியும். புதிய ஃபோமை முதலில் கோனில் ஒட்டி முழுக்கக் காயவிட்டு, அதன் பிறகே சட்டத்தில் ஒட்ட வேண்டும். சட்டத்தில் ஒட்டும்போது காயில் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பதுதான் முழு வேலையும். நடுவிலுள்ள மூடியைக் கவனமாக வெட்டியெடுத்து, காயிலைச் சுற்றி நாலு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் கீற்றுகளைச் செருகிப் பிடித்துக்கொள்ளலாம். மூடியைத் தொட விருப்பமில்லை என்றால் 30 ஹெர்ட்ஸ் ஒலியைத் தாழ்வாகப் போட்டு, உரசல் இல்லாத இடத்தைத் தேடி அமர்த்தலாம். எனக்குப் பிடித்தது கீற்று முறை. பசை காயும்வரை எதுவும் நகராது.

பாத்ரூமுக்குப் பூசும் சிலிக்கன் மட்டும் வேண்டாம். வினாகிரி வாசம் வரும் வகை காயும்போது அமிலத்தை வெளியே விடும், செம்பைத் தின்னும். இன்னொன்று, உங்கள் பக்கத்தில் வாடைக்காற்று மழை டிசம்பரிலும் ஜனவரியிலும் விடாது பெய்யும். அந்த நாட்களில் பசை டப்பாவில் போட்டிருக்கும் நேரத்தை நம்பாமல் இரண்டு மடங்கு விடுங்கள். ஹட்டன், மஸ்கெலியாக்காரர்கள் மழை மாதங்களான மே முதல் செப்டம்பர் வரை இந்த வேலையைத் தொடாமலிருப்பது நல்லது.

ஹட்டனிலிருந்து: கிராஸ்ஓவரில் (ஒலியைப் பிரித்து ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் அனுப்பும் சுற்றில்) உள்ள கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் விலை கூடிய ஃபிலிம் வகைக்கு மாற்றினால் சவுண்ட் வேறு லெவலுக்குப் போகும் என்கிறார் ரிப்பேர் பாஸ். உண்மையா அண்ணே?

பாதி உண்மை. அந்தக் காலத்து எலக்ட்ரொலிட்டிக் வகைக் கெப்பாசிட்டர் வயதானால் அளவு மாறும், உள்தடையும் ஏறும். மேல்சத்தம் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் மங்கியதுபோல் கேட்பதற்கு அது ஒரு காரணம். அதனால் முதலில் அளந்து பாருங்கள். போட்டிருக்கும் அளவிலிருந்து நூற்றுக்குப் பத்துக்கு மேல் விலகியிருந்தால் மாற்றலாம். ஒரு பெட்டியில் மாற்றினால் மற்றதிலும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பாடுபவர் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்பதுபோல் கேட்கும்.

ஃபிலிம் வகையின் உள்தடை மிகக் குறைவு. பழைய கெப்பாசிட்டரின் உள்தடையையும் கணக்கில் எடுத்துத்தான் சில ஸ்பீக்கர்களை வடிவமைத்தார்கள். ஃபிலிம் போட்டதும் மேல்சத்தம் குத்துவதாகத் தெரிந்தால், அதோடு தொடராக அரை ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் போட்டுக் கேளுங்கள். எலக்ட்ரொலிட்டிக்கே போடுவதாக இருந்தால் கூட்டல் கழித்தல் முனை இல்லாத பைபோலார் வகையைக் கேட்டு வாங்குங்கள். பவர் சப்ளைக்குப் போடும் சாதாரண வகை இதற்கு ஆகாது. கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் விசாரித்துப் பார்க்கலாம். கழற்றிய சாமானை ஒரு பையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வையுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு தங்கை: எங்களுடையது தோட்டத்து வரிசை வீட்டில் ஒரு லயக் காம்பரா. பத்துக்குப் பன்னிரண்டு அடி, தகரக் கூரை. இதற்குள் நல்ல சவுண்ட் கேட்க முடியுமா அண்ணா?

நிச்சயமாக முடியும் தங்கச்சி. பெரிய பங்களா ஹாலை விடச் சின்ன அறையில் நன்றாக ஒலிக்கும் ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. பிபிசி நிறுவனம் எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை வடிவமைத்ததே வெளி ஒலிபரப்பு வேனுக்குள் வைத்துக் கேட்கத்தான். ஒரு வேனுக்குள் எவ்வளவு இடம் இருக்கும்? இன்றைக்கு அதன் விலை நமக்கு எட்டாது. ஆனால் அதன் வழியில், துளையில்லாத மூடிய சின்னப் பெட்டியாக, ஐந்து அல்லது ஆறு அங்குல வூஃபரோடு இருப்பதைத் தேடுங்கள். சுவரை ஒட்டி வைத்தால் அடிச்சத்தம் கூடும். சின்னப் பெட்டிக்கு அது கொஞ்சம் உதவிதான். மூலையில் மட்டும் வைக்காதீர்கள், கும்மென்று ஆகிவிடும்.

ஸ்பீக்கருக்கு எதிர்ச் சுவரில் ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். சிமெந்துச் சுவரிலிருந்து திரும்பி வரும் எதிரொலி அடங்கி, பாட்டின் வார்த்தைகள் தெளியும். பக்கத்துக் காம்பராவோடு பொதுவாக இருக்கும் சுவரில் ஸ்பீக்கரைச் சாய்க்க வேண்டாம். அங்கே விடியற்காலையில் கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் தூங்குவார்கள். தகரத்தில் மழை கொட்டும்போது அதை ஜெயிக்க வொலியூமைக் கூட்டாதீர்கள். சின்ன ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) திணறும்போது முதலில் எரிவது ட்வீட்டர்தான்.

கண்டியிலிருந்து: 15 ஓம் என்று போட்ட இங்கிலாந்து ஸ்பீக்கரை இன்றைய ஆம்ப்பில் கொடுக்கலாமா?

தாராளமாக. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு அது சுகமான சுமை. 8 ஓமில் கிடைக்கும் வாட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல் கிடைக்கும். மீட்டரில் 15க்குக் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம், மீட்டர் காட்டுவது கம்பியின் தடையை மட்டும்தான்.

நுவரெலியாவிலிருந்து: பழைய குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் (காயிலுக்குப் பதில் உயர் வோல்ட்டில் ஓடும்) ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது, அண்ணா. திறந்து பார்க்கவா?

வேண்டாம். 1957இல் வந்த மாடல் என்றால் உள்ளே அடிச்சத்தப் பகுதிக்கு ஏறக்குறைய 6,000 வோல்ட் போகிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஈரமும் தூசும் சேர்ந்த இடத்தில் பொறி பறப்பதுதான் அந்தச் சத்தமாக இருக்கலாம். உடனே நிறுத்தி, இந்த வகையைத் திறந்து பழகியவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஹப்புத்தளையிலிருந்து: ஸ்பீக்கர் பெட்டியின் தேக்கு வெனியர் (மேலே ஒட்டிய மெல்லிய மரத்தாள்) வெளிறிவிட்டது. தேங்காயெண்ணெய் பூசலாமா?

அது பிசுக்குப் பிடித்துப் பூஞ்சணத்துக்குச் சாப்பாடாகும். ஆளிவிதை எண்ணெய் அல்லது தேக்கு எண்ணெயை மெல்லியதாகப் பூசித் துடையுங்கள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

பதுளையிலிருந்து: இரண்டு ஸ்பீக்கரும் ஓடுகிறது, ஆனால் அடிச்சத்தமே இல்லை. வயரிங்கை மாற்றிப் பார்க்கலாமா?

ஒரு பெட்டியில் மட்டும் இரண்டு வயரையும் இடம் மாற்றிக் கொடுத்துக் கேளுங்கள். அடிச்சத்தம் வந்துவிட்டால், இதுவரை ஒன்று வெளியே தள்ளும்போது மற்றது உள்ளே இழுத்திருக்கிறது. எந்தப் பெட்டி தவறு என்று பார்க்க 1.5 வோல்ட் பற்றரியின் கூட்டல் முனையைச் சிவப்பிலும் கழித்தலைக் கறுப்பிலும் ஒரு கணம் தொடுங்கள். வூஃபர் வெளியே வர வேண்டும். பழைய ஜேபிஎல் கம்பனி ஸ்பீக்கர் என்றால் உள்ளே போகும், அவர்கள் அப்படித்தான் செய்தார்கள். அதில் இரண்டும் ஒரே பக்கம் போனால் சரி.