சிர்மியோனே கோட்டை: அம்மாவின் முழங்கால் வலியோடு போகலாமா?

கேள்வி: அக்டோபரில் மிலானிலிருந்து வெனிஸ் போகிறோம், நடுவில் ஒரு நாள் கையில் இருக்கிறது. இத்தாலியின் கார்தா ஏரியில் உள்ள சிர்மியோனே கோட்டையைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. கார் எடுப்பதா, ரயிலா? கோட்டையை வெளியே நின்று பார்த்தாலே போதும் என்கிறார்களே, சரியா?

பதில்: கார் வேண்டாம். சிர்மியோனே, ஏரிக்குள் சுமார் நான்கு கிலோமீட்டர் நீளும் ஒல்லியான நிலத்தின் மேல் இருக்கிறது. பழைய ஊருக்குள் உள்ளூர்க்காரர்கள், அங்குள்ள ஹோட்டல்களில் தங்குபவர்கள் போன்றவர்களின் வண்டிகளுக்குத்தான் அனுமதி. மற்றவர்கள் வெளியே நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். முழங்கால் வலிக்காரரை அந்த நடையில் சோர வைப்பானேன்?

மிலான்–வெனிஸ் ரயில் பாதையிலேயே தெசென்சானோ நிலையம் இருக்கிறது. அங்கிருந்து சிர்மியோனேவுக்குப் பேருந்து உண்டு. உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது படகு. தெசென்சானோ படகுத்துறையில் ஏறினால் சுமார் இருபது நிமிடத்தில் பழைய ஊருக்குள்ளேயே, கோட்டைக்குப் பக்கத்திலேயே இறங்கிவிடலாம். ரயில் நிலையத்திலிருந்து துறைக்கு மட்டும் டாக்ஸி பிடியுங்கள். குளிர்காலம் நெருங்க நெருங்கப் படகுகள் குறையும். திரும்பும் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துவிடுங்கள்.

அப்புறம், பெட்டிகளோடு வராதீர்கள். முதல் நாளே வெரோனா போய் அறை எடுத்து, பெட்டிகளை அங்கே வைத்துவிட்டு வருவதுதான் நல்லது. தெசென்சானோவுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இந்தக் கோட்டையைக் கட்டியவர்களும் வெரோனாவை ஆண்ட ஸ்காலா குடும்பத்தினர்தான். வெரோனாவில் அவர்களது காஸ்தெல்வெக்கியோ கோட்டையின் மதிலைப் பார்த்திருந்தால், இங்கே மதில் உச்சியில் மீன்வால் போல் நடுவில் பிளந்து நிற்கும் கற்பற்களைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும்.

வெளியே நின்று பார்த்தால் போதும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 13, 14ஆம் நூற்றாண்டுகளில் எழுந்த இந்தக் கோட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் தண்ணீர். ஆனால் இதை மற்ற கோட்டைகளிலிருந்து பிரிப்பது உள்ளே இருக்கும் படகுத்துறை. ஏரியின் ஒரு துண்டை உயரமான மதிலால் வளைத்து, தங்கள் போர்ப்படகுகளை அதற்குள் நிறுத்தினார்கள். புயலும் எதிரியும் அண்டாத இடம். இப்படி மதில் சூழ்ந்த துறை இவ்வளவு முழுமையாக மிஞ்சியிருப்பது மிக அரிது. மதில் மேல் நடக்கும்போது ஒரு கைப்பக்கம் அலையடிக்கும் ஏரி, மறுபக்கம் அசையாத பச்சைத் தண்ணீர். அந்த இடத்தில் நின்றால்தான் கோட்டை எதற்காகக் கட்டப்பட்டது என்பது புரியும். 1405இல் ஊர் வெனிஸ் கைக்குப் போனது. பிறகு 16ஆம் நூற்றாண்டில் வெனிஸ்காரர்கள் பக்கத்து ஊரான பெஸ்கியேராவைப் பலப்படுத்தியதும் சிர்மியோனேவின் இராணுவ முக்கியத்துவம் குறைந்துவிட்டது.

மதிலுக்கும் 47 மீட்டர் கோபுரத்துக்கும் போகப் படிகள்தான் வழி. அம்மா முற்றம் வரை வந்து பார்க்கட்டும். அதற்கு மேல் நீங்கள் மட்டும் ஏறுங்கள். அவருக்குத் துறையின் மதிலையும் காட்ட வேண்டுமானால், கோட்டையருகே கிளம்பும் சிறு மோட்டார் படகில் தீபகற்பத்தை ஒரு சுற்று வாருங்கள். உட்கார்ந்தபடியே மதிலைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து பார்த்துவிடலாம். ஏரியின் அடியிலிருந்து வெந்நீர் ஊற்றின் குமிழிகள் மேலே வருவதையும் காட்டுவார்கள். ஏறும்போது படகு ஆடும், கை கொடுத்து ஏற்றிவிடுங்கள்.

நிலமுனையில் ரோமானியர் கால மாளிகையின் பெரிய இடிபாடு உண்டு. பெயர் கதுல்லுஸ் குகைகள் என்றாலும் அது குகையில்லை. கதுல்லுஸ் என்ற ரோமானியக் கவிஞர் சிர்மியோனேவைப் பாடியிருக்கிறார், ஆனால் இந்த மாளிகை அவருடையது என்பதற்கு ஆதாரமில்லை. ஊரிலிருந்து அங்கே சிறு மின்வண்டி ஓடும். உள்ளே மேடுபள்ளமான தரை, வெயிலும் அடிக்கும். வலி அதிகமென்றால் இதை விட்டுவிடலாம், கோட்டையை விடாதீர்கள்.

கோட்டைக்கு வழக்கமாகத் திங்கட்கிழமை விடுமுறை. மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணமில்லை என்பதால் கூட்டம் நெரியும். வேறொரு நாளில், காலையில் திறந்ததும் நுழைந்துவிடுங்கள். பத்தரை மணிக்கு மேல் குறுகிய மதில் நடையில் எதிரே வருபவர்களுக்கு ஒதுங்கி ஒதுங்கியே நேரம் போய்விடும்.